மாநிலம் மாறினால் மாறிவிடும் உரிமைகள்

புது தில்லி:

வீட்டுச் சாமான்களை ஒரே நாளில் லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். வங்கிக் கணக்கைப் புதிய ஊரின் கிளைக்கு மாற்றிக்கொள்ளலாம். 2015-ம் ஆண்டு முதல் செல்போன் எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயரும் இந்தியக் குடிமகன், எந்த லாரியிலும் ஏற்ற முடியாத சிலவற்றைச் சொந்த மாநிலத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டியுள்ளது. மருத்துவக் கல்லூரியில் மகளுக்குக் கிடைக்கக்கூடிய இடம், சாதிச் சான்றிதழின் பலன், முதியோர் ஓய்வூதியம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவி ஆகியவை அவற்றுள் சில.

இவற்றின் அருமை ஊரில் இருக்கும்வரை தெரிவதில்லை. புதிய ஊரில் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் நெடுநேரம் காத்திருந்து, "நீங்கள் இந்த மாநிலத்தவர் அல்லவே" என்ற பதிலைக் கேட்கும்போதுதான் தெரிகிறது.

இந்திய அரசியல் சட்டத்தில் மாநிலக் குடியுரிமை என்று ஒன்று கிடையாது. நாடு முழுவதற்கும் ஒரே குடியுரிமைதான். நாட்டின் எந்தப் பகுதிக்கும் செல்லவும், எந்தப் பகுதியிலும் தங்கி நிலையாகக் குடியேறவும் 19-வது பிரிவு உரிமை அளிக்கிறது. பொது நலன் கருதியும், பழங்குடியினரின் நலன் காக்கவும் மட்டுமே இந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம். எனவே, குடியேறுவதைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால், குடியேறியவருக்கு என்னென்ன கிடைக்கும் என்பது வேறு கேள்வி. சிக்கல் முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிறந்த இடத்தையோ முன்பு வசித்த இடத்தையோ விட்டு வேறிடத்தில் வாழ்வோர் 45 கோடிக்கும் அதிகம். இவர்களில் பெரும்பாலோர் சொந்த மாநிலத்துக்குள்ளேயே இடம் மாறியவர்கள். திருமணமாகிக் கணவர் ஊருக்குச் சென்ற பெண்களே இதில் மிகுதி. மாநில எல்லையைத் தாண்டியோர் சுமார் 5.4 கோடி பேர். 2021-ல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், 2011-ன் எண்ணிக்கையை வைத்தே இன்னும் பேச வேண்டியுள்ளது. ரயிலில் முன்பதிவில்லாப் பயணிகளின் போக்குவரத்தை ஆராய்ந்து 2016-17-ம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை ஒரு மதிப்பீட்டைத் தந்தது. 2011-க்கும் 2016-க்கும் இடையே ஆண்டுதோறும் சராசரியாக 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் சென்றனர் என்பது அந்த மதிப்பீடு.

கூலியே முதற்காரணம்:

இத்தனை பேர் ஏன் செல்கின்றனர் என்று கேட்டால் விடை எளிது. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23-ல் கேரளக் கிராமப்புறங்களில் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி ரூ. 852. மத்தியப் பிரதேசத்திலோ சுமார் ரூ. 279 மட்டுமே. சொந்த ஊரில் மூன்று நாள் உழைத்துப் பெறுவதை அங்கே ஒரே நாளில் பெறலாம் என்னும்போது, மொழி தெரியாது, உணவு ஒவ்வாது என்பன போன்ற தயக்கங்கள் நிற்பதில்லை. எர்ணாகுளம் மாவட்டத்தின் பெரும்பாவூரில் உள்ள பிளைவுட் தொழிற்கூடங்கள் வங்காளம், அஸ்ஸாம், ஒடிசா மாநிலத் தொழிலாளர்களை நம்பி இயங்குவது இதனால்தான்.

அரசு ஊழியர்கள், மென்பொருள் பொறியாளர்கள், வங்கி அதிகாரிகள் ஆகியோரின் கணக்கு வேறு. பதவி உயர்வு, பிள்ளைகளுக்கு விரிந்த உலகம், பெருநகர மருத்துவமனைகள் என அவர்கள் அடையும் நன்மைகளும் மெய்யானவையே. தில்லியில் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள் பலர், ஊர் திரும்பாமல் மயூர் விஹாரிலோ துவாரகாவிலோ வீடு வாங்கித் தங்கிவிடுவதை இங்குள்ளோர் அறிவர்.

கணக்கில் வராத மற்றொரு லாபமும் உண்டு. கிராமத்தில் ஒருவரது தெருப் பெயரே அவரது சாதியைச் சொல்லிவிடும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நகரில் அந்தத் தெருவின் பெயர் யாருக்கும் தெரியாது. இந்த விடுதலைக்காகவே ஊரை விட்டவர்கள் ஏராளம். (வாடகைக்கு வீடு கேட்டுச் செல்பவரிடம், "அசைவம் சமைப்பீர்களா" என்று கேட்டுவிட்டே மற்றதைப் பேசும் வீட்டு உரிமையாளர்கள் தலைநகரிலும் உண்டு என்பது தனிக் கதை.)

பிளஸ் 2 எங்கே படித்தாய்?

குடும்பத்தோடு மாநிலம் மாறும் நடுத்தர வகுப்பினர் பெரிதும் இடறி விழுவது கல்லூரி வாசலில்தான்.

மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. எஞ்சிய 85 சதவீதம் அந்தந்த மாநிலத்தவருக்கு. இதில் "அந்த மாநிலத்தவர்" யார் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வரையறுக்கிறது. தில்லியின் ஒதுக்கீட்டுக்குத் தில்லி எல்லைக்குள் உள்ள பள்ளியில் பிளஸ் 1, பிளஸ் 2 படித்துத் தேறியிருப்பதே அளவுகோல். பெற்றோர் எந்த ஊர்க்காரர் என்று கேட்பதில்லை. தமிழகத்திலோ, 6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை தமிழகத்திலேயே படித்தவருக்கு எளிய வழி. வெளியில் படித்திருந்தால் பூர்வீகத்தை நிரூபிக்கும் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் தேவை. இன்னும் சில மாநிலங்கள் இருப்பிடம், படிப்பு இரண்டையும் கேட்கின்றன.

சென்னையிலிருந்து தில்லிக்கு மாற்றலாகும் ஓர் அதிகாரியின் மகள் பிளஸ் 1 முடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளையும் அழைத்து வந்து தில்லியில் பிளஸ் 2 சேர்த்தால், பிளஸ் 1 இங்கே படிக்காத காரணத்தால் தில்லி ஒதுக்கீடு கிடைக்காது. தமிழக ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ்களைத் தேடி மீண்டும் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொள்ளாத குடும்பம் எனில் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். மாற்றல் உத்தரவு வந்ததும் தந்தை மட்டும் தனியே புறப்பட்டு வந்து, தாயும் பிள்ளைகளும் ஈராண்டுகள் ஊரிலேயே இருப்பதைப் பல குடும்பங்களில் காணலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வீண் பயமாகத் தோன்றலாம். விதிகளைப் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

இந்த வழக்கு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1952-ல் தில்லியைச் சேர்ந்த ஒரு மாணவர் இந்தூர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அன்றைய மத்திய பாரத மாநிலத்தவருக்குத் தள்ளுபடி செய்யப்பட்ட தனிக் கட்டணம் அவரிடம் மட்டும் வசூலிக்கப்பட்டது. பிறந்த இடத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டலாகாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கூறுகிறதே என்று அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு; பிரிவில் சொல்லப்பட்டிருப்பது முன்னது மட்டுமே என்று 1955-ல் தீர்ப்பாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், கர்நாடக இசை உலகிலும் புகழ் பெற்றிருந்த நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். ஒரு நீதிபதி மாறுபட்டார். அன்று திறந்த அந்த இடைவெளி வழியாகத்தான் மாநிலங்களின் இருப்பிட ஒதுக்கீடுகள் அனைத்தும் நுழைந்தன.

1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் நீதிபதி பி.என். பகவதி இந்தப் போக்கைக் கடுமையாக விமர்சித்தார். நாடு ஒன்று, குடியுரிமை ஒன்று என்றிருக்க, "மண்ணின் மைந்தர்" வாதம் எங்கிருந்து வந்தது என்பதே அவரது கேள்வியின் சாரம். ஆயினும், எம்.பி.பி.எஸ். படிப்பில் ஓரளவு வரை இருப்பிட ஒதுக்கீட்டை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அகில இந்திய ஒதுக்கீடு பிறந்ததும் அதன் தொடர்ச்சியாகத்தான்.

கடைசியாக, 2025 ஜனவரி 29-ல், சண்டீகர் அரசு மருத்துவக் கல்லூரி தொடர்பான வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, மருத்துவ மேற்படிப்புகளில் இருப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதே கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்குப் பாதிப்பில்லை. மேற்படிப்புக்குச் செல்லும் மருத்துவருக்கு இது நல்ல செய்தி. பிளஸ் 2 மாணவிக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை.

பள்ளியிலும் சிக்கல் இல்லாமலில்லை. தமிழகம் 2006-லும், கர்நாடகம் 2015-லும், கேரளம் 2017-லும், மகாராஷ்டிரம் 2020-லும் தத்தம் மொழியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றின. தாய்மொழி காக்கும் நோக்கில் குறை காண முடியாது. ஆனால், எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை, அரிச்சுவடியிலிருந்து ஒரு மொழியைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்றே 1963-ல் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் ஏற்பட்டன. தனியார் நிறுவன ஊழியருக்கும் கூலித் தொழிலாளிக்கும் அங்கே முதலிடம் கிடையாது.

எல்லையில் நின்றுவிடும் சான்றிதழ்:

நடுத்தர வகுப்பினருக்கு இழப்பு ஒரு கல்லூரி இடம். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இழப்பு அதைவிடப் பெரிது.

அரசியல் சட்டத்தின் 341, 342-வது பிரிவுகளின்படி, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியல்கள் அந்தந்த மாநிலத்தைப் பொருத்தே அறிவிக்கப்படுகின்றன. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ள சாதி, பக்கத்து மாநிலத்தில் இல்லாமல் போகலாம். சலவைத் தொழில் செய்யும் தோபி சமூகத்தினர் உத்தரப் பிரதேசத்தில் தாழ்த்தப்பட்டோர். மகாராஷ்டிரத்தில் அவ்வாறு இல்லை. தமிழகத்தின் பட்டியலில் வண்ணார் சமூகம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டாரத்துக்கும் மட்டுமே இடம்பெற்றுள்ளது. அந்தப் பகுதிகள் ஒரு காலத்தில் திருவிதாங்கூரில் இருந்தவை என்பது நினைவுகூரத்தக்கது.

பட்டியலில் இரு மாநிலங்களிலும் ஒரே பெயர் இருந்தாலும் போதாது. ஆந்திரத்தின் தெனாலியில் பிறந்து, ஒன்பது வயதில் தந்தையுடன் மும்பைக்கு வந்து அங்கேயே படித்து வளர்ந்த ஒரு மாணவர், பழங்குடியினர் ஒதுக்கீட்டில் மும்பை மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டார். பழங்குடியினர் என்ற அடிப்படையில்தான் தந்தைக்குப் பொதுத்துறை நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. மகனுக்கோ இடம் மறுக்கப்பட்டது. 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்த மறுப்பை நியாயப்படுத்தியது. ஒரு மாநிலத்தில் ஒரு சமூகம் அனுபவிக்கும் தாழ்வு, வேறு மாநிலத்தில் அதே அளவில் இருக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து வருவோருக்குப் பங்கு கொடுத்தால் உள்ளூரில் தாழ்த்தப்பட்டோர் இழப்பர் என்பது அதன் அடிப்படை. 1994-லும் 2018-லும் இதே நிலையை நீதிமன்றம் உறுதி செய்தது.

2018 ஆகஸ்ட் 30-ல் வந்த தீர்ப்பு, தில்லியில் வசிப்போர் கவனிக்க வேண்டியது. தில்லி அரசின் பணிகள் மத்திய அரசுப் பணிகளைப் போன்றவை என்பதால், அவற்றில் நாட்டின் எந்த மாநிலத்தைச் சேர்ந்த தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் ஒதுக்கீடு கோரலாம் என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் கூறினர். தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி ஆர். பானுமதி இந்த ஓர் அம்சத்தில் மட்டும் மாறுபட்டார். எனவே, மற்ற மாநிலங்களுக்கு மூடப்பட்ட கதவு, தலைநகரின் அரசுப் பணிகளில் மட்டும் திறந்திருக்கிறது. மத்திய அரசின் பணிகளுக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் சொந்த மாநிலச் சான்றிதழ் எங்கும் செல்லும் என்பதும் ஆறுதல்.

சான்றிதழுக்கான "சொந்த மாநிலம்" எது என்பதிலும் நுணுக்கம் உண்டு. தாழ்த்தப்பட்டோர் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பத்தின் நிரந்தர வசிப்பிடம் எங்கிருந்தது என்பதே கணக்கு. 1960-களில் வேலூரிலிருந்து தில்லிக்கு வந்த ஒரு குடும்பத்தின் பேரன், தமிழ்நாட்டில் ஒரு நாள்கூடத் தங்கியிராவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் தமிழகத் தாழ்த்தப்பட்டவரே. தந்தையின் சான்றிதழைக் காட்டி அவர் தில்லியில் சான்றிதழ் பெறலாம். அதில் மூல மாநிலம் தமிழ்நாடு என்றே எழுதப்படும். தந்தையின் சான்றிதழ் தொலைந்திருந்தால் தொல்லை தொடங்குகிறது. ஊரை விட்டுப் புறப்படுமுன் சாதிச் சான்றிதழை முறையாகப் பெற்று, நகல்களுடன் பத்திரப்படுத்துவது, பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளுக்கும் உதவும்.

இதன் மிகப் பழைய, மிகக் கசப்பான எடுத்துக்காட்டு அஸ்ஸாமில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் தேயிலைத் தோட்டங்களுக்காக சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து சந்தால், முண்டா, ஒராவோன் மக்கள் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுடைய உறவினர்கள் ஜார்க்கண்டில் இன்று பழங்குடியினர். தோட்டங்களில் பல தலைமுறைகளாக இலை பறிக்கும் இவர்களோ அஸ்ஸாமில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் சேர்க்கப்பட்டனர். பழங்குடியினராக அறிவிக்கக் கோரும் அவர்களது போராட்டம் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது.

இந்தத் தீர்ப்புகளின் வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உள்ளூரில் தாழ்த்தப்பட்டோரின் பங்கு காக்கப்பட வேண்டியதே. ஆனால், பிழைப்பு தேடி வந்த மாநிலத்திலேயே பிறந்து, அந்த மாநில மொழியிலேயே படித்து, அங்கேயே அதே இழிவைச் சந்திக்கும் இரண்டாம் தலைமுறைக்கு என்ன வழி என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை.

அரிசி வந்தது, பருப்பு வரவில்லை:

முன்னேற்றம் அறவே இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. குடும்ப அட்டை விஷயத்தில் மாறுதல் வந்துள்ளது. 2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை" திட்டம், 2022 ஜூனில் அஸ்ஸாம் இணைந்தவுடன் எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பரவியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒருவருக்கு மாதம் 5 கிலோ வீதம் வரும் தானியத்தை நாட்டின் எந்த நியாய விலைக் கடையிலும் பெறலாம். தொழிலாளி தன் பங்கைத் தில்லியில் வாங்க, எஞ்சியதைக் குடும்பத்தினர் ஊரில் வாங்கவும் வழியுண்டு.

ஆயினும் பயணம் செய்வது மத்திய அரசின் தானியம் மட்டுமே. மாநில அரசு தன் செலவில் தரும் பருப்பும் பாமாயிலும் எல்லையில் நின்றுவிடும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் பட்டியலில் இல்லாமல், எல்லோருக்கும் உண்டு என்ற தமிழக முறையில் அட்டை வைத்திருப்பவருக்குத் தில்லிக் கடையில் ஒரு மணி அரிசியும் கிடைக்காது.

மாநிலங்களின் மற்ற நலத் திட்டங்களுக்கு இந்த அளவுகூட வழியில்லை. தில்லி அரசின் முதியோர் ஓய்வூதியம் பெற ஐந்தாண்டுகள் தில்லியில் வசித்திருக்க வேண்டும். மகனோடு வந்து சேரும் எழுபது வயதுத் தாய், ஊரில் பெற்று வந்த தொகையை இழந்து, இங்குள்ளதைப் பெற எழுபத்தைந்து வயது வரை காத்திருக்க வேண்டும்.

வாகனம் வைத்திருப்போரின் குறை ஒப்பீட்டளவில் சிறியது. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவு எண் பெற வேண்டும். பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே சாலை வரி கட்டி, அங்கே கட்டிய வரியில் எஞ்சியதைத் திரும்பக் கேட்டு நடையாய் நடக்க வேண்டும். 2021 செப்டம்பரில் வந்த "பி.எச்." வரிசைப் பதிவு எண் இந்தத் தொல்லையை நீக்கியது. அதுவும் அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்துள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் மட்டுமே. காருக்குக் கிடைத்த இந்தச் சலுகை கார் ஓட்டுநரின் மகனுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வாக்குச்சீட்டு எந்த ஊரில்?

சட்டப்படி, ஒருவர் "வழக்கமாக வசிக்கும்" இடத்தில்தான் வாக்காளராக இருக்க முடியும். மாநிலம் மாறியவர் படிவம் 8-ஐ நிரப்பிப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால், வாடகை ஒப்பந்தமோ முகவரிச் சான்றோ இல்லாத கூலித் தொழிலாளி அதைச் செய்வதில்லை. தேர்தல் நாளில் ஊருக்குச் செல்ல ரயில் கட்டணமும் சில நாள் கூலியும் போகும். இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க உதவும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் அரசியல் கட்சிகளுக்குக் காட்டியது. எதிர்ப்புகள் எழுந்தன, திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

இதற்கிடையே 2025-ல் பிகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. ஆகஸ்ட் 1-ல் வெளியான வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இவற்றுள் சுமார் 36 லட்சம் பேர், நிரந்தரமாக இடம் பெயர்ந்தோர் அல்லது முகவரியில் காணப்படாதோர் என்று வகைப்படுத்தப்பட்டனர். வேலைக்காக ஆண்டில் பத்து மாதம் வெளி மாநிலத்தில் இருப்பவர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்விக்கு அரசும் நீதிமன்றமும் விரைவில் தெளிவான விடை காண்பது நல்லது. இல்லையேல் அவர் இரண்டு ஊர்களிலும் வாக்கில்லாதவர் ஆகிவிடுவார்.

வேலை தரும் மாநிலங்களின் மனநிலையும் ஒரே சீராக இல்லை. தனியார் நிறுவனங்களில் மாதம் ரூ. 30 ஆயிரம் வரையிலான வேலைகளில் 75 சதவீதத்தை உள்ளூர்வாசிகளுக்கே ஒதுக்கும் சட்டத்தை ஹரியாணா 2020-ல் இயற்றியது. 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இதே போன்ற மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூலையில் ஒப்புதல் அளித்து, தொழில்துறையின் எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவைத்தது. மறுபுறம், வெளி மாநிலத் தொழிலாளர்களை "விருந்தினர் தொழிலாளர்" என்று அழைக்கும் கேரளம், 2017-ல் அவர்களுக்கென "ஆவாஸ்" என்ற காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. எர்ணாகுளம் மாவட்டப் பள்ளிகளில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு அவர்களது மொழியின் துணையோடு கற்பிக்கும் முயற்சியும் நடந்தது. ஆள் பற்றாக்குறை உள்ள மாநிலத்துக்குத்தான் விருந்தினரின் அருமை தெரிகிறது போலும்.

2020-ம் ஆண்டின் பாடம்:

மாநிலம் மாறிய தொழிலாளி எந்த அரசின் கணக்கிலும் இல்லை என்பதை நாடு கண்டது 2020 மார்ச் 25-க்குப் பிறகுதான். பொது முடக்கத்தால் வேலையும் தங்கும் இடமும் இழந்தோர், நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பினர். சுமார் 1.04 கோடி பேர் சொந்த மாநிலம் திரும்பியதாக மத்திய அரசு அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வழியில் இறந்தோர் எத்தனை பேர் என்ற விவரம் தன்னிடம் இல்லை என்றும் கூறியது.

இவர்களுக்கென்று 1979 முதலே ஒரு சட்டம் இருந்தது. ஒப்பந்ததாரர் மூலம் அழைத்து வரப்படும் தொழிலாளிக்கு மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகத் தர வேண்டும், பயணச் செலவையும் தர வேண்டும் என்று அது கூறியது. தானே ரயிலேறி வந்தவருக்கு அது பொருந்தவில்லை. அழைத்து வரப்பட்டவருக்கும் ஏட்டளவிலேயே இருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தானே வேலை தேடி வந்தவரையும் வரையறைக்குள் சேர்த்துக்கொண்டது. கட்டுமானத் தொழிலாளி, வேலை செய்யும் மாநிலத்திலேயே நல நிதியின் பலனைப் பெறவும் அது வழி சொல்கிறது. ஆனால், இடப்பெயர்ச்சிப் படி போய்விட்டது. ஐந்து தொழிலாளர் இருந்தாலே பொருந்திய சட்டம், இப்போது பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும்.

மதராஸி கேம்ப்:

மேலே சொன்ன சிக்கல்களில் பல, தில்லித் தமிழர்களின் வாழ்விலேயே ஒருசேர நிகழ்ந்தன. நிஜாமுதீன் ரயில் நிலையத்தின் அருகே, ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் "மதராஸி கேம்ப்" என்ற குடிசைப் பகுதி இருந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கு வாழ்ந்தனர். பெண்களில் பலர் அக்கம்பக்கக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்தனர். பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தமிழும் படித்தனர். ஊரை விட்டு வந்தவர்களுக்கு வருமானம், பள்ளி, தாய்மொழி மூன்றும் நடந்து செல்லும் தூரத்தில் அமைவது அபூர்வம்.

வடிகாலைத் தூர்வாரி வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்ற காரணத்தால், தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ல் அந்தக் குடிசைகள் இடிக்கப்பட்டன. அங்கிருந்த 370 குடியிருப்புகளில் 215 மட்டுமே மறுவாழ்வுக்குத் தகுதியுள்ளவை என்று முடிவாகியிருந்தது. 2015-க்கு முன்பே இங்கு வசித்ததை வாக்காளர் பட்டியல் முதலான ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும் என்பது விதி. நிரூபித்தவர்களுக்கு வடக்கே வெகு தொலைவில் உள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடு. நிரூபிக்க இயலாதவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலாவிலிருந்து ஜங்புராவுக்குக் காலையில் வேலைக்கு வந்து திரும்புவது எளிதன்று; அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவது அதைவிடக் கடினம்.

தமிழகம் திரும்ப விரும்புவோருக்கு எல்லா உதவியும் செய்யப்படும் என்று அப்போதைய தமிழக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பே. ஆனால், அவ்வாறு திரும்பும் குடும்பத்தின் மகன் பிளஸ் 2 வரை தில்லியில் படித்தவன் என்றால், தமிழக மருத்துவக் கல்லூரியின் மாநில ஒதுக்கீட்டுக்கு அவன் மனுச் செய்யும்போது, பூர்வீகச் சான்றிதழையும் பெற்றோரின் ஆவணங்களையும் கேட்பார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஊரை விட்டு ரயிலேறிய தாத்தா அவற்றைப் பத்திரமாக எடுத்து வந்தாரா என்பதைப் பொருத்தது அவனது இடம்.